மணிமங்கலமும் உத்திரமேரூரும்: ஊர்ச்சபையும் வேந்தர் போரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அண்மையில் உள்ள மணிமங்கலம், தமிழக வரலாற்றில் போர்க்களமாகவும் சபை கூடிய ஊராகவும் இருமுறை இடம்பெற்றது. ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. சோழர் காலத்தில் இது செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டைச் சேர்ந்த பிரமதேயமாக, அதாவது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊராக, மகாசபையின் ஆளுகையில் இருந்தது.

இத்தகைய மகாசபைகள் இயங்கிய முறையை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) விரிவாகக் கூறுகின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். 921ஆம் ஆண்டு விதிப்படி அத்தகுதியுடையோர் 35 முதல் 70 வயதுக்குட்பட்டவராகவும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராகவும் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றுக்கெனத் தனித்தனி வாரியங்கள், அதாவது பொறுப்புக் குழுக்கள், இவ்வாறே அமைந்தன.

கிரேக்க நகர அரசான ஏதென்சிலும், கி.மு. 508ஆம் ஆண்டை ஒட்டிக் கிளீஸ்தனிஸ் வகுத்த அமைப்பின்படி, பத்துக் குலப்பிரிவுகளிலிருந்து ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் அவைக்கு ஆட்கள் சேர்ந்தனர். பின்னர் அவர்கள் சீட்டு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதும், பதவி முடிந்தவர் கணக்குக் காட்டியதும் உத்திரமேரூரை வியப்பூட்டும் அளவு ஒத்தவை. அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரார்க்கும் இடமில்லை. இங்கே வேதம் கற்ற நிலவுடைமையாளர்க்கு அப்பால் எவர்க்கும் இடமில்லை. ஆயினும் ஏதென்சில் படைத்தலைவர் பதின்மர் சீட்டினால் அன்றி வாக்கினால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். போர் தொடுப்பதா என முடிவு செய்த குடிமக்களே தம் செலவில் கேடயமும் ஈட்டியும் வாங்கிக் களம் சென்றனர். மணிமங்கலமும் உத்திரமேரூரும் அடங்கிய தொண்டை மண்டலத்தின் சபைக்கு ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருந்தது. போரைப் பற்றிப் பேசும் உரிமை வேந்தனுக்கே உரியது.

ஊராட்சிக்கும் போருக்கும் இடையிலான இப்பிளவை மணிமங்கலம் கோயிற் கல்வெட்டுகளிலேயே காணலாம். வேந்தனின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் மெய்க்கீர்த்தி முதலிலும், கோயிலுக்குரிய நிலமும் கொடையும் அதன் பின்னும் வரும். 1054ஆம் ஆண்டுக் கொப்பம் போரில் அண்ணன் இராசாதிராசன் யானைமேல் மாண்டபின் களத்திலேயே முடிசூடிய இரண்டாம் இராசேந்திரனின் கல்வெட்டு, பகைவர் அம்பு யானையின் நெற்றியிலும் வேந்தன் தொடையிலும் தைத்ததையும், வீழ்ந்த சயசிங்கன், நன்னி நுளம்பன் முதலிய பகைத் தலைவர் பெயர்களையும் தருகிறது. சோழர் பக்கம் மடிந்த சாதாரண வீரன் ஒருவன் பெயரும் இதில் இல்லை. ஏதென்சோ மாண்ட குடிமக்களின் பெயர்களைக் குலப்பிரிவு வாரியாகக் கல்லில் பொறித்தது.

இப்பிளவின் முழுப்பொருள் தோல்விக்காலத்தில்தான் விளங்குகிறது. கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்ற ஏதென்சின் நெடுமதில்கள் இடிக்கப்பட்டு, முப்பதின்மர் கொடுங்கோலாட்சி திணிக்கப்பட்டது. மறு ஆண்டில் குடிமக்கள் போராடியே மக்களாட்சியை மீட்டனர். கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்து, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டபோது, உத்திரமேரூர்ச் சபை கலையவில்லை. அது கன்னரதேவன் என அவன் பெயரையும் ஆட்சியாண்டையும் முன்னிட்டுத் தன் ஆவணங்களைத் தொடர்ந்து பொறித்துவந்தது.