தொப்பிக்கு விலை யார் வைப்பது? - ஆன்லைன் கேம் பிரீமியம் பொருட்களின் சின்ன வரலாறு

இந்தத் தடவை எந்தப் பரீட்சையிலும் வராத ஒரு வரலாறு. ஆன்லைன் கேம்களில் காசுக்கு விற்கிற ஸ்கின், தொப்பி, கேரக்டர் இதெல்லாம் எங்கிருந்து வந்தது, எது விலை போனது, எது வாங்கிக் கட்டிக்கொண்டது என்று பார்க்கப் போகிறோம். "ஒரு படத்துக்கு ஐந்நூறு ரூபாயா?" என்று வீட்டில் கேட்பார்களே, அதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது.

முதலில் நம்ம ஊர் உதாரணம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி இருக்கிறது. டிக்கெட் விலை பல மடங்கு. ஆனால் அதில் போகிறவரும் சாதாரணப் பெட்டியில் தொங்கிக்கொண்டு போகிறவரும் தாம்பரத்தில் இறங்குவது ஒரே நிமிடத்தில்தான். அதனால் யாருக்கும் கோபம் வருவதில்லை. இதுவே, முதல் வகுப்புக்காரரை மட்டும் தாம்பரம் வரை கொண்டுபோய்விட்டு மற்றவர்களைப் பல்லாவரத்தில் இறக்கிவிட்டால்? அன்றைக்கே தண்டவாளத்தில் மறியல்தான் :-) பிரீமியம் பொருட்களின் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு ரயிலில் அடங்கிவிடும்.

குதிரைக்குக் கவசம்

ஆரம்ப காலப் பெரிய ஆன்லைன் கேம்களுக்கு மாதச் சந்தா உண்டு. 1997ல் வந்த அல்டிமா ஆன்லைன் அப்படித்தான். சந்தா கட்டினால் எல்லோரும் சமம். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் தென்கொரியர்கள். 2003ல் நெக்ஸான் கம்பெனியின் மேப்பிள்ஸ்டோரி வந்தது. ஆடுவது இலவசம், உடுத்துவதற்குக் காசு! உடை, தலைமுடி என்று கேமுக்குள்ளேயே கடை வைத்து விற்றார்கள். கூட ஆடுகிற அத்தனை பேரும் அந்த உடையைப் பார்ப்பார்கள் என்பதால் நன்றாக விற்றது.

2006 ஏப்ரலில் அமெரிக்காவின் பெதஸ்டா கம்பெனி, ஒப்லிவியன் என்ற கேமில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. உலகமே சிரித்தது. இன்றைக்கும் வேண்டாத பொருளை விற்றால் "குதிரைக் கவசம்" என்றுதான் கிண்டல் செய்கிறார்கள். அதில் என்ன குறை? அது தனியாள் விளையாட்டு. உங்கள் குதிரையை உங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. பூட்டிய வீட்டுக்குள் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

இதிலிருந்துதான் என் கருத்துக்கு வருகிறேன். பிரீமியம் பொருளுக்கு மதிப்புத் தருவது காசு கொடுத்தவன் இல்லை. காசு கொடுக்காமல் கூட ஆடுகிறவன்தான். அவன் பார்க்கிறான், அவன் பொறாமைப்படுகிறான், "மச்சி, செம ஸ்கின்டா" என்கிறான். அவன் கிளம்பிப் போய்விட்டால் பொருளின் மதிப்பும் அவனோடு போய்விடும்.

ஒற்றைக் கண்ணாடியும் டார்த் வேடரும்

இதைப் புரிந்துகொண்டவர்கள் பிழைத்தார்கள். வால்வ் கம்பெனி டீம் ஃபோர்ட்ரஸ் 2ல் 2010 செப்டம்பரில் தொப்பிக் கடை திறந்தது. 2011 ஜூனில் கேமையே இலவசமாக்கியது. தொப்பியைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா! லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் 2009 முதல் இதே வழிதான். ஸ்கின் அழகு மட்டும் தரும், ஆட்டத்தை நீதான் ஜெயிக்க வேண்டும்.

மறந்தவர்கள் அடி வாங்கினார்கள். ஐஸ்லாந்து நாட்டின் ஈவ் ஆன்லைன் கேமில் 2011 ஜூனில் முகத்தில் மாட்டுகிற ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு அறுபது டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். வெறும் அழகுப் பொருள்தான். ஆனால் அதே சமயத்தில் கம்பெனியின் உள் பத்திரிகை ஒன்று கசிந்தது. "பேராசை நல்லதா?" என்பது அதன் தலைப்பு! அடுத்து ஆயுதத்தையும் விற்றுவிடுவார்கள் என்று பயந்து ஆட்டக்காரர்கள் கேமுக்குள்ளேயே கூடிப் போராட்டம் நடத்தினார்கள். அந்த அக்டோபரில் கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு வேலை போனது.

2017 நவம்பரில் இ.ஏ. கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2. கேமை முழு விலை கொடுத்து வாங்கியவன் டார்த் வேடரை எடுக்க 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆட வேண்டும். காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி வாங்கியவனோ சீக்கிரம் பலசாலி ஆகிவிடலாம். கோபம் எவ்வளவு என்றால், கம்பெனி ரெட்டிட்டில் சொன்ன ஒரு சமாதானத்துக்கு மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் எதிர் வாக்கு. வெளியீட்டுக்கு முதல் நாள் அந்தக் கடையையே மூடினார்கள். 2018ல் திரும்பத் திறந்தபோது விற்றது அழகுப் பொருள் மட்டுமே. அதே 2018ல் பெல்ஜியம் நாடு காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

நம்ம பசங்க, இரண்டு கடைகள்

இங்கே 2000களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியவர்கள் கேமுக்குள் செலவு செய்ய வழியே குறைவு. மாணவனிடம் ஏது கிரெடிட் கார்டு? 2016ல் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைச் சரித்தது. பிறகு வந்த பப்ஜி மொபைலும் ஃப்ரீ ஃபயரும்தான் நம் தலைமுறையைக் கேம் கடைக்குள் கூட்டிப்போயின.

இரண்டும் இரண்டு விதம். பப்ஜியில் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கின் மாட்டினாலும் குண்டின் வேகம் மாறாது. எம்416 கிளேசியர் ஸ்கின் வைத்திருப்பவனைச் சாதாரண எம்416 வைத்திருப்பவன் சுட்டுத் தள்ளலாம். அதைவிடச் சந்தோஷம் உண்டா? இது நம்ம முதல் வகுப்புப் பெட்டி.

ஃப்ரீ ஃபயர் வேறு. அதில் துப்பாக்கி ஸ்கினுக்கே குணம் உண்டு. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் - தாக்கம் அதிகம், ஆனால் ரீலோட் மெதுவாக, என்கிற மாதிரி. டிசைனர்கள் சமநிலைக்காகச் செய்த தந்திரம் இது. ஆனால் 2019ல் 599 வைரத்துக்கு வந்த டிஜே ஆலோக் கேரக்டர் ஆட்டத்தின் நடுவே உயிரை ஏற்றிக் கொடுத்தார். அவர் இல்லாதவன் "காசு இருந்தா ஜெயிக்கலாம்" என்று புலம்பியதில் நியாயம் இருக்கிறது. சாதாரண போனிலும் ஓடியதால் காசில்லாத பசங்களுக்குப் பிடித்த கேமும் அதுதான் என்பது இன்னொரு சோகம்.

கடையையே மூடினால்?

பிறகு நடந்தது எந்த டிசைனரும் எழுதாத பாடம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30ல் சர்வரும் நின்றது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து சேர்த்த ஸ்கின்கள் ஒரே நாளில் குதிரைக் கவசம் ஆகிவிட்டன. பார்க்க ஆளே இல்லை!

2021 ஜூலை 2ல் கிராஃப்டன் கம்பெனி பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தபோது, பழைய கணக்கிலிருந்த பொருட்களை மாற்றிக்கொள்ள வசதி கொடுத்தது. புத்திசாலித்தனமான முடிவு. அது இல்லையென்றால் இரண்டாவது தடவை யார் நம்பிக் காசு போடுவான்? ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் தப்பியது. அந்த ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.யும் ஆப் கடைகளிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது.

ஆக, வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில்: நாம் வாங்குவது படத்தை இல்லை, நாலு பேர் பார்வையை. அதுவும் சொந்தமாக இல்லை, வாடகைக்கு. சினிமா டிக்கெட் மாதிரி நினைத்துச் செலவு செய்தால் தப்பில்லை. நகை மாதிரி நினைத்துச் சேர்த்தால்தான் ஆபத்து.

நம் வகுப்பில் கேம் டிசைன் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் ஒரு ஸ்கினை வரைந்து விலை போடும்போது, வாங்குகிறவனை மட்டும் நினைக்காதீர்கள். வாங்க முடியாமல், அடுத்த ஆட்டத்துக்கும் வந்து நிற்கிறானே ஒரு பையன், அவனை நினைத்து வரையுங்கள். உங்கள் கடை ஓடுவது அவனால்தான்.