குருதி கூறும் சான்று

ஜோலார்பேட்டைச் சந்திப்பில், வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் காய்ச்சல்காரர்களைக் காணுந்தோறும் ஒரு வரலாறு என் நினைவிற்கு வரும். 1948-இல் மலாயாவில் டைபாய்டை வென்ற குளோராம்பெனிக்கால், 1972-இல் கோழிக்கோட்டில் பலருக்குப் பலிக்கவில்லை. கிருமி அம்மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றுவிட்டது. வேண்டாதபோதும் மருந்து வழங்கினால் இவ்வெதிர்ப்பு வளரும்.

வேண்டுவதா, வேண்டாததா என அறிவது எங்ஙனம்? 1930-இல் நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் குருதியில் 'சி-எதிர்வினைப் புரதம்' கண்டனர். பாக்டீரியா நோயில் அது மிகப் பெருகும்; வைரஸ் நோயில் பெரும்பாலும் குறைந்தே நிற்கும். இன்று விரல்நுனிக் குருதித்துளியால் சில நிமிடங்களில் அதனை அளக்கலாம். 2016-இல் வெளியான வியட்நாம் ஆய்வில், மூச்சுநோயாளருள் சோதனை பெறாதோரில் 78 விழுக்காட்டினரும், பெற்றோரில் 64 விழுக்காட்டினருமே நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டனர்.

இச்சோதனை மருத்துவரின் மதிக்கு மாற்றன்று, துணையே. குருதியின் சான்று கேட்டு மருந்தளிப்போமாயின், நம் பேரர்க்கும் அம்மருந்து பலிக்கும் என்பது என் துணிபு.