கற்கருவிச் செதுக்கல் (கண்டிச் சீமை)

கல்லைக் கல்லால் அடித்தும், கொம்பு அல்லது எலும்பின் முனையால் அழுத்தியும் சில்லுகளைப் பெயர்த்து, அம்புக்கூர், கத்தி, சுரண்டி முதலானவற்றைச் செய்யும் கைவினை கற்கருவிச் செதுக்கல் எனப்படும். கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் இரும்பு வருமுன் பல்லாயிரம் ஆண்டுகள் இது வழங்கிவந்தது. அம்மி கொத்துவது வேறு, இது வேறு. அம்மி கொத்துகிறவர் உளியால் கல்லின் மேல்தோலைப் பொடிப்பொடியாகத் தட்டி எடுப்பார். சில்லு பெயர்ப்பவர் ஒவ்வோர் அடிக்கும் முன்னால், கல்லின் வயிற்றுக்குள் வெடிப்பு எந்த வழியாக ஓடி எங்கே வெளிவர வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுத்தான் கையை ஓங்குவார்.

இந்தக் கைவினையின் வரலாற்றை எங்கும் முதலில் எழுதியது அந்தந்த ஊரின் கல்தான். ஐரோப்பாவின் சுண்ணப்பாறைகளில் சிக்கிமுக்கிக்கல் உருண்டை உருண்டையாகக் கிடைக்கிறது. கண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்குள்ள அடிப்பாறை மிகத் தொன்மையான உருமாறிய பாறை. நைஸ், குவார்ட்சைட், பளிங்குப்பாறை ஆகியவற்றின் இடுக்குகளில் நரம்புபோல் ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ்தான் கையில் அகப்படும் நல்ல கல். தமிழில் வெங்கச்சங்கல் என்பதும் சிங்களத்தில் திருவானா என்பதும் இதைத்தான். கலஹா, ரத்தோட்டைப் பக்கங்களில் இது பெரிய அளவிலேயே உண்டு. ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தபின் தேயிலைச் சரிவின் செம்மண்ணில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கற்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு துண்டுகளை இருட்டில் உரசினால் உள்ளே மங்கலாக ஓர் ஒளி ஓடி மறையும், கருகல் வாடையும் எழும். மலையில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இது தெரிந்த விளையாட்டு.

வெங்கச்சங்கல் கடினமானது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அதற்கு 7. தீட்டாமலே தோலை அறுக்கும் விளிம்பு அதில் கிடைக்கும். ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைந்திருக்கும். சிக்கிமுக்கிக்கல்லில் அடியின் விசை கிளிஞ்சல் முதுகுபோல அலையலையாகப் பரவி ஒழுங்கான சில்லைத் தரும். வெங்கச்சங்கல்லில் அந்த விசை பாதிவழியில் பழைய கீறல் ஒன்றில் மாட்டிக்கொண்டு திசைமாறிப் போகும். நீளமான, மெல்லிய சில்லை அதனிடம் கேட்டால் பத்துத் துண்டாக நொறுங்கிக் கொடுக்கும்.

இதற்கு மலைநாட்டுக் கைகள் கண்ட வழி இருமுனைத் தாக்கம். தட்டையான கல்லொன்றைத் தரையில் அடைகல்லாக வைத்து, அதன்மேல் எலுமிச்சை அளவான வெங்கச்சங்கல்லை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்து, மறுகையிலுள்ள ஆற்றுக்கல்லால் உச்சியில் நேராக அடிப்பது. விசை மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் புகுவதால் கல் ஆரஞ்சுச் சுளைபோலப் பிளக்கும். பிடித்திருக்கும் விரல்கள் அடிபடாமல் தப்புவது பழக்கத்தால்தான் வரும். பிளந்த சுளைகளில் பெரும்பகுதி கழிவு. நகக்கண் அளவில் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் பிடிக்க வாகாகவும் வருகின்ற சிலவற்றை எடுத்து, மழுக்க வேண்டிய விளிம்பைச் சிறுசிறு அழுத்தங்களால் ஒடித்துச் சீராக்கினால், பிறைவடிவத்திலோ முக்கோணமாகவோ ஒரு நுண்கற்கருவி கிடைக்கும். தனியாக அதைக் கையில் பிடித்துப் பயனில்லை. மரத்தண்டிலோ அம்புக்கோலிலோ பதித்தால்தான் அது ஆயுதம்.

இந்த மரபின் உச்சம் பலாங்கொடைக் கூர்கள் என்று அறியப்படுபவை. இலைவடிவம், பெரும்பாலும் இருபுறமும் செதுக்கப்பட்டவை. சில்லுக் கருவிகளின் சராசரி நீளமே 4 சென்ரிமீற்றருக்குள் அடங்கும் மரபு இது. நொறுங்குவதையே இயல்பாகக் கொண்ட கல்லில் அவ்வளவு சிறிய இலையை இருபுறமும் அழுத்திச் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, உலகின் சிறந்த கற்செதுக்கு மரபுகளோடு இதைச் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

இந்த நுண்கற்கருவி மக்களின் வாழ்முறைக்குப் பலாங்கொடைப் பண்பாடு என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் இலங்கை நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல. அவருடைய மகன் சிரான் தெரணியகல 1970களின் இறுதியிலிருந்து நடத்திய அகழ்வுகள்தான் காலக்கணிப்பைத் தலைகீழாக மாற்றின. குருவிட்டவுக்கு அருகிலுள்ள பட்டதொம்ப லென, கித்துல்கல பெலி லென ஆகிய குகைகளில் நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையான படைகளிலிருந்தே வெளிப்பட்டன. ஐரோப்பாவில் இவ்வகைக் கருவி பனியுகத்தின் முடிவில் பரவியது என்று பாடம் படித்திருந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. கித்துல்கல கண்டிக்கு அயல்தான். நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்கிவிடலாம். பின்னர் களுத்துறை மாவட்டத்தின் பாஹியன் லென இந்தக் காலத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளியது. ஒஷான் வெதகேயும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட முடிவின்படி அங்கு நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. குரங்கும் அணிலும் வேட்டையாடி உண்ட மழைக்காட்டு மக்களின் கருவிகள் அவை. 2020இல் அதே குகையின் எலும்புக்கூர்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் சிறியவை அம்புமுனைகளாகப் பயன்பட்டன என்றும் வில்லும் அம்பும் அங்கே 48,000 ஆண்டுகள் வரை பழமையானவை என்றும் காட்டினர்.

கடலுக்கு அப்பாலும் இந்த மரபின் உறவு இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிச் செம்மணல் தேரிகளில் குவார்ட்ஸிலும், சிக்கிமுக்கிக்கல்லை ஒத்த செர்ட்டிலும் செய்த நுண்கற்கருவிகள் ஏராளம். சாயர்புரம் அவற்றில் பெயர்பெற்ற இடம். 1956இல் சாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் வெளியிட்ட ஆய்வில் அத்தேரிகளின் அழுத்திச் செதுக்கிய இருபுறக் கூர்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இலங்கைக் கூர்களை அவற்றின் பக்கத்தில் வைத்தால் சொந்தம் தெரியும். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இரண்டு கரைக்கும் நடுவே நிலம் இருந்தது.

இரும்பு வந்ததும் கல்லம்பு மறைந்தது. மாத்தளை மாவட்டத்து இப்பன்கட்டுவ ஈமக்கல்லறைகள் கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில் இரும்பு இந்தப் பக்கம் ஊன்றிவிட்டதைக் காட்டுகின்றன. வேட்டைக்காரர் தம் கூரைத் தாமே செய்வதிலிருந்து கொல்லரிடம் வாங்குவதற்கு மாறியதை நேரில் காட்டும் ஓர் அரிய பதிவு கண்டி இராச்சியத்திலிருந்து கிடைக்கிறது. 1660இல் சிறைப்பட்டு 19 ஆண்டுகள் இராச்சியத்துக்குள் கழித்து, இறுதி ஆண்டுகளில் கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் குடியிருந்து, 1679இல் தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் அச்சான தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். இலங்கைப் பழங்குடிகளான வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். அம்புமுனை எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் ஓர் இலையைக் கத்தரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவர். கொல்லன் அப்படியே செய்து கொடுத்தால் பின்னர் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இருட்டில் அம்பு வரும். பலாங்கொடைக் கூர் இலைவடிவம், கொல்லனுக்குக் கொடுத்த மாதிரியும் இலை. இவ்வளவு நீண்ட இடைவெளியில் இது நேர்த்தொடர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தனக்கு வேண்டிய கூரின் வடிவத்தை மனத்தில் துல்லியமாக வைத்திருந்த ஒருவனின் கை அந்த இலையில் தெரிகிறது.

நவீன காலத்தில் இந்தக் கருவிகளைக் கண்டெடுத்த கதை தேயிலையோடு பிணைந்தது. 1880களின் நடுப்பகுதியில் இ. இ. கிறீன், ஜோன் போல் என்ற இரு ஆங்கிலேயர் மலைநாட்டில் செதுக்கிய கற்களைப் பொறுக்கத் தொடங்கினர். கிறீன் தோட்டத்துரையாக இருந்து பின்னர் பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளரானவர். அவருடைய கண்டெடுப்புகள் பேராதனை, நாவலப்பிட்டிப் பக்கத்தவை. போல் மஸ்கெலியாத் துரை. 1913இல் இலங்கைக் கற்கருவிகள் பற்றித் தனிநூலே வெளியிட்டார். காட்டை அழித்து, மலைமுகட்டின் மண்ணைத் திறந்து, ரோட்டுப் போட்டு, சரிவெங்கும் கான் வெட்டியதால்தான் அந்தக் கற்கள் வெளியே வந்தன. கான் வெட்டிய மண்வெட்டிகள் தமிழ்த் தொழிலாளர் கையிலிருந்தவை. நூல்களில் துரைமாரின் பெயர் இருக்கிறது. இலங்கைத் தொல்லியலின் முதல் பக்கத்தைத் திறந்த அந்த மண்வெட்டிக்காரர்களுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதை இங்கே எழுதிவைப்பது கடமை.

1907இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த போல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர் குகைகளை அகழ்ந்து, அங்குக் கிடைத்தவை வேடரின் முன்னோர் கருவிகள் என்று 1908இல் ஜெர்மன் மொழியில் எழுதினர். அதே ஆண்டுகளில் வேடரிடையே தங்கி ஆராய்ந்த செலிக்மன் தம்பதியரும் குவார்ட்ஸ் கருவிகளைச் சேகரித்தனர். கொழும்பு றோயல் கல்லூரி அதிபர் சாள்ஸ் ஹாட்லி பண்டாரவளைக் குன்றொன்றை அகழ்ந்து ஆயிரக்கணக்கில் நுண்கற்கருவிகளை எடுத்து, 1913, 1914 ஆண்டுகளில் விவரித்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பெயருக்கு உரியவர் வேறொரு ஹாட்லி.

கண்டெடுத்த கதை இருக்க, செதுக்கப் பழகும் கதைக்கு வருவோம். கற்கூர் செதுக்கலைப் பயில விரும்புவோர் இன்று முதலில் கேள்விப்படுவது வட அமெரிக்காவின் வாய்க்கால் கூர்களைப் பற்றித்தான். கூரின் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே நீண்ட சில்லைப் பெயர்த்து, நடுவில் வாய்க்கால்போல் பள்ளம் இடுவது அந்த முறை. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முந்திய குளோவிஸ் கூர்களிலும் அவற்றை அடுத்த ஃபோல்சம் கூர்களிலும் இது உண்டு. நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் அருகே ஜோர்ஜ் மெக்ஜன்கின் என்ற கறுப்பின மாட்டிடையர் வெள்ளம் அரித்த ஓடையில் கண்ட எலும்புகளே அந்த இடத்தை உலகுக்குக் காட்டின. 1927இல் அங்கே அழிந்துபோன காட்டெருமையின் விலா எலும்புகளுக்கிடையே கூர் ஒன்று சொருகியபடியே கிடைத்தது. இலங்கைக்குச் சற்று அருகில், யேமனிலும் ஓமானிலும், ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையான வாய்க்கால் கூர்கள் கிடைத்திருப்பதை 2020இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. அங்கு பள்ளம் பல கூர்களில் நுனியிலிருந்தும் இடப்பட்டுள்ளது. கோலில் பொருத்த அது உதவாது என்பதால், கைத்திறனைக் காட்டவே அப்படிச் செய்தனர் என்பது ஆய்வாளர் முடிவு.

கண்டிச் சீமையில் வாய்க்கால் கூர் இல்லை. இங்குள்ள கூர் விரற்கணு அளவு; நீண்ட சில்லு ஓட அதில் இடமில்லை. கல்லும் அதற்கு இணங்காது. ஆகவே இந்த முறையைப் பயில்வோர் முதலில் நல்ல செர்ட் தேட வேண்டும், கைபழகும்வரை தடித்த கண்ணாடிப் போத்தலின் அடிப்பாகமும் போதும். இருபுறமும் செதுக்கிய கூரை மெல்லியதாக்கி, அடியின் நடுவில் ஒரு சிறு காம்பை விட்டுவைத்து, அதைச் சுற்றி இருபுறமும் ஒதுக்கி, காம்பின் முனையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து உறுதியாக்க வேண்டும். தேய்க்காத காம்பு அடிபட்டதும் பொடியாகும். பின் கூரின் நுனியை அசையாதபடி ஊன்றி, காம்பின்மேல் கொம்பு உளியை வைத்து ஒரே அடி, அல்லது நெம்புகோலால் மெதுவான ஒரே அழுத்தம். சில்லு பாதியில் மடங்கி நின்றுவிடலாம், நுனியைத் தாண்டியோடிக் கூரையே இரண்டாக்கவும் கூடும். பல மணிநேர உழைப்பு அந்த ஒரு கணத்தில் போய்விடும். 1960களில் ஐடஹோவின் டொன் கிராப்ட்ரீ ஃபோல்சம் கூரை மீண்டும் செய்து பார்த்து எழுதியபோது, எத்தனையோ முறைகளில் தோற்றுத்தான் பொருந்தியவற்றைக் கண்டார்.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலமாகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. குஜராத்தின் கம்பாத்தில் கார்னீலியன் மணி செதுக்குவோர், தரையில் நட்ட இரும்புக் கூரில் கல்லைச் சாய்த்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டுகின்றனர். நீண்ட மணிகளைச் செவ்வையாகச் செய்யும் கை வர அங்கே பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படுவதை வலென்டின் ரூவும் பிளாண்டின் பிரிலும் அளந்து காட்டினர். அடியின் பலத்தை ஒவ்வொரு சில்லுக்கும் ஏற்றிறக்கும் அந்தப் பக்குவம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அதே ஊரின் கல் தொழிலாளர் பலரைத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் வாட்டுகிறது. பயில்வோர் திறந்தவெளியில், காற்று தூசியைத் தம்மைவிட்டு அப்பால் கொண்டுபோகும்படி அமர்ந்து, முகமூடியும் கண்ணாடியும் அணிந்தே கல்லைத் தொட வேண்டும்.

இலங்கையில் தொல்பொருட்கள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மலைமுகட்டில் பழைய கூர் ஒன்று கண்ணில் பட்டால் எடுக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. பழைய கருவிகளைக் கண்ணாரக் காண கொழும்பு, இரத்தினபுரி நூதனசாலைகள் உள்ளன. புதிதாகச் செதுக்குவோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அவர்கள் கொட்டிவிட்டுப் போகும் சில்லுகள் நாளைய அகழ்வாளரை ஏமாற்றிவிடும். அதனால் கவனமுள்ளவர்கள் செய்த கூரில் ஆண்டைப் பொறிக்கிறார்கள். கழிவுச் சில்லுகளைக் குழிதோண்டிப் புதைக்கும்போது அடியில் அவ்வாண்டு நாணயம் ஒன்றைப் போட்டு மூடுகிறார்கள்.