விலைவாசியை வென்ற பிரேசில்: ரெயால் நாணயம் சொல்லும் பாடம்

சம்பளம் வாங்கிய அன்றே பேரங்காடிக்கு ஓட வேண்டும். மறுநாள் போனால் அதே பணத்துக்கு அரிசி குறைவாகத்தான் கிடைக்கும். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் பிரேசில் தொழிலாளர் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்தன. கடைப் பணியாளர்கள் விலைச்சீட்டு ஒட்டும் கருவியோடு அலமாரிகளைச் சுற்றி வருவார்கள். அவர்களை முந்திக்கொண்டு பழைய விலையில் பொருளை எடுப்பதே இல்லத்தரசிகளின் அன்றாடப் போராட்டமாக இருந்தது.

1993-ஆம் ஆண்டில் மட்டும் விலைவாசி ஏறத்தாழ 2,477 விழுக்காடு உயர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 100 கொடுத்து வாங்கிய பொருள், ஆண்டு முடிவில் 2,500-ஐத் தாண்டிவிட்டது.

இந்த நோய்க்குக் காரணம் என்ன? வரவுக்கு மீறிய அரசாங்கச் செலவு ஒன்று. மற்றொன்று, சம்பளம், வாடகை, ஒப்பந்தம் எல்லாமே முந்திய விலையேற்றத்துக்கு ஏற்பத் தாமாகவே உயரும் ஏற்பாடு. நேற்றைய விலையேற்றமே நாளைய விலையேற்றத்துக்கு விதையாயிற்று. வசதி படைத்தோர் அன்றாடம் வட்டி சேரும் வங்கிக் கணக்குகளில் பணத்தைப் போட்டுத் தப்பித்துக்கொண்டனர். கணக்கே இல்லாத ஏழையின் சட்டைப்பையில்தான் பணம் கரைந்தது.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 1986 பிப்ரவரியில் அதிபர் ஜோசே சார்னி எல்லா விலைகளையும் ஒரே நாளில் முடக்கினார். மக்கள் மகிழ்ந்தார்கள். விலையை உயர்த்திய கடைகளைத் தாங்களே காட்டிக்கொடுத்தார்கள். ஆனால் கட்டுப்படியாகாத விலைக்கு விற்க யார் முன்வருவார்? கடைகளில் இறைச்சி மறைந்தது. அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி பெருவெற்றி பெற்றது. தேர்தல் முடிந்த சில நாள்களிலேயே கட்டணங்கள் உயர்ந்தன.

1990 மார்ச்சில் அதிபர் கோலோர் இன்னும் கடுமையான வழியில் இறங்கினார். வங்கிச் சேமிப்பில் 50,000-க்கு மேற்பட்ட தொகையை 18 மாதங்களுக்கு எடுக்க முடியாதபடி முடக்கினார். மக்களின் நம்பிக்கை போயிற்று. விலைவாசியோ திரும்பி வந்தது. 1986-க்கும் 1993-க்கும் இடையில் நாணயத்தின் பெயர் நான்கு முறை மாறியது. மூன்று முறை மும்மூன்று சுழியங்கள் வெட்டப்பட்டன. நோய் மட்டும் தீரவில்லை.

1993 மே மாதத்தில் சமூகவியல் அறிஞரான பெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ நிதியமைச்சரானார். பெர்சியோ அரிடா, எட்மார் பாஷா முதலிய பொருளியல் வல்லுநர்கள் அவருக்குத் துணை நின்றனர். இம்முறை திடீர் முடக்கம் இல்லை. என்ன செய்யப் போகிறோம் என்பதை அரசாங்கம் முன்கூட்டியே சொன்னது. முதலில் வரவு செலவுக் கணக்கைச் சீர்படுத்த முனைந்தது. பிறகு 1994 மார்ச் 1-ஆம் தேதி, ஏறத்தாழ ஒரு டாலருக்குச் சமமான ஓர் அளவுகோலை அறிமுகப்படுத்தியது. அது கையில் புழங்கும் பணம் அன்று, கணக்குப் பார்க்க மட்டுமே. பழைய பணத்தில் அதன் மதிப்பை மத்திய வங்கி அன்றாடம் அறிவித்தது. பழைய பணத்தில் விலை ஏறிக்கொண்டே போனாலும், புதிய அளவுகோலில் சம்பளமும் விலையும் பெரும்பாலும் நிலையாக நின்றன. மக்களின் மனம் நான்கு மாதங்களில் பழகியது.

ஜூலை 1-ஆம் தேதி அந்த அளவுகோலே 'ரெயால்' என்னும் நாணயமாயிற்று. பழைய பணம் 2,750 கொடுத்தால் ஒரு ரெயால். ஜூன் மாதத்தில் மட்டும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்த விலைவாசி, 1996-இல் ஆண்டு முழுமைக்குமே பத்து விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியது. ஏழைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. 1994 அக்டோபரில் கார்டோசோவையே மக்கள் அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நாணயத்தின் மதிப்பைக் காக்க வட்டி விகிதம் மிக உயரத்தில் வைக்கப்பட்டது. தொழில்கள் திணறின, வேலையின்மை கூடியது, அரசாங்கக் கடனும் பெருகியது. 1997-இல் ஆசியாவிலும் 1998-இல் ரஷ்யாவிலும் வீசிய நிதிப் புயல் பிரேசிலையும் தாக்கியது. அதே புயலில் மலேசியா 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என நிலைப்படுத்தியது. பிரேசிலோ 1999 ஜனவரியில் ரெயாலின் பிடியைத் தளர்த்தி, சந்தையில் மிதக்க விட்டது. நாணயத்தின் மதிப்பு சரிந்தது. ஆனால் பலரும் அஞ்சியதுபோல் பழைய நோய் திரும்பவில்லை. அதே ஆண்டில் பணவீக்கத்துக்கு இலக்கு வைக்கும் முறை வந்தது. 2000-இல் அரசாங்கச் செலவுக்குக் கடிவாளமிடும் சட்டமும் வந்தது.

அதற்குப் பிறகும் விலைவாசி பத்து விழுக்காட்டைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. ஆயினும் 1993-இன் நிலைமை மீண்டும் வரவில்லை. 1986-இலும் 1990-இலும் மக்களுக்குத் தெரியாமல் திட்டம் தீட்டி, ஒரே இரவில் அறிவித்தார்கள். 1994-இல் மக்களிடம் சொல்லிவிட்டுச் செய்தார்கள். நாணயத்தைத் தாங்கி நிற்பது மக்களின் நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை உடையும்போது முதலில் அடிபடுவது கூலிக்காரனின் சம்பளப் பணம் என்பதை ஆட்சியாளர்கள் மறந்துவிடக் கூடாது.