பழவேற்காடு பறவைகள் சரணாலயமும் கோட்டைக்குப்பம் மீனவர்களும்

பழவேற்காடு ஏரி, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரவியுள்ளது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதியும் அங்குள்ள முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கோட்டைக்குப்பம் முதலான மீனவ ஊர்களை ஒட்டி உள்ளன. வெளியூரார் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவர். அந்தப் பெயர் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, இந்த நீரில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு இவ்வூர்களில் விதிகள் இருந்தன. பறவைகளின் வாழ்வும் மீனவர்களின் வாழ்வும் ஒரே ஆழமற்ற நீரைச் சார்ந்தவை என்பதே இந்த ஏரியின் வரலாறு.

மாசி, பங்குனியில் பறவைகள்

குளிர்நாடுகளின் ஈரநிலங்களில் வசந்தம் என்பது பறவைகள் திரும்பி வரும் காலம். பழவேற்காட்டில் அதே மாதங்கள் அவை விடைபெறும் காலம். ஐப்பசியை ஒட்டி வடக்கிலிருந்து வரத் தொடங்கும் வலசைப் பறவைகள், மாசி, பங்குனியில் நன்கு இரை தின்று, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மத்திய ஆசியா, சைபீரியா ஆகிய பகுதிகளுக்குப் புறப்படுகின்றன. மழைநீர் வடிந்து சேற்றுத் திட்டுகள் வெளிப்படும் பருவமும் அதுவே. சேற்றில் அலகை நுழைத்துப் புழு, நத்தை தேடும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், கருவால் மூக்கன்கள் ஆகியவற்றை அப்போது எளிதில் காணலாம். ஊசிவால் வாத்து, ஆலா, கடற்காகம் ஆகியவையும் இங்கு வருகின்றன.

இந்த ஏரிக்குப் பெயர் பெற்றுத் தந்தது பூநாரை. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றுநீரை வடிகட்டி, சிறு உயிரிகளை இது உண்கிறது. இரையில் உள்ள நிறமிகளே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றன. இப்பறவை சைபீரியாவிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் பெரும் பூநாரை இந்தியாவிலேயே குஜராத்தின் கட்ச் பாலைச் சதுப்பில் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. கூழைக்கடா ஆந்திரப் பகுதியில் உள்ள நேலப்பட்டில் குஞ்சு பொரித்து, குஞ்சுகளுக்கான மீனைப் பழவேற்காட்டிலிருந்து கொண்டு செல்கிறது.

கோட்டையும் குப்பமும்

ஊரின் பெயரிலேயே இரண்டு வரலாறுகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணி வணிகத்துக்காக இங்கு வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் பழவேற்காடுதான். இன்று கோட்டை இடிபாடாகிவிட்டது. டச்சுக் கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது. குப்பம் என்பது மீனவர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். கோட்டை அழிந்த பின்னும் குப்பம் நிலைத்திருக்கிறது.

பாடு முறை

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் மீனவர்கள் 'பாடு' என்ற முறையைப் பின்பற்றி வந்துள்ளனர். முகத்துவாரத்தை அடுத்த, இறால் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமை ஊரின் தலைக்கட்டுகளுக்கு உரியது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி, குலுக்கல் மூலமும் முறைவைத்தும் இடமும் நாளும் பிரிக்கப்படுகின்றன. சண்டையையும் மிகைப் பிடிப்பையும் இது ஒரளவு கட்டுப்படுத்தியது.

இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. பாட்டில் இடம் சாதியாலும் ஊராலும் வரையறுக்கப்பட்டது. ஏற்றுமதிச் சந்தையால் இறாலின் விலை ஏறியபோது, பாடு இல்லாத ஊர்களும் உரிமை கேட்டன, மோதல்களும் எழுந்தன. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்த நல்ல இடங்களில் பங்கு இருக்கவில்லை.

சரணாலய அறிவிப்பு

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், ஆந்திரப் பகுதி 1976இலும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 153 ச.கி.மீ. பரப்பு 1980இலும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இதனால் ஒரே நீரின் மீது இரண்டு வரைபடங்கள் அமைந்தன: ஒன்று வனத்துறையின் எல்லை, மற்றொன்று ஊராரின் பாடு. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால், பறவையைக் காப்பது உழவருக்கு நேரடி ஆதாயம். பழவேற்காட்டில் அப்படி உடனே கண்ணில் படும் ஆதாயம் இல்லை.

பறவை பார்ப்போரைப் படகில் அழைத்துச் செல்வது சில மீனவர்களுக்கு வருவாய் தந்தது. 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தொடர்ந்து சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வருவாயும் அதனால் பாதிக்கப்பட்டது.

முகத்துவாரம்

ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் ஏரிக்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரம் கடல்நீரைத் தருகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும்போது கடல்நீர் வருவது தடைபடுகிறது. கோடையில் நீர் வற்றி உப்பு மிகுகிறது. கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வர இயலாது. வலை வெறுமையாகிறது, மீனுண்ணும் பறவைக்கும் இரை குறைகிறது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் அமைந்த பின், கடற்கரை மணலின் போக்கு மாறுவது குறித்த அச்சம் இவ்வூர்களில் கூடியுள்ளது.

முகத்துவாரத்தில் மணல் சேர்வதை முதலில் அறிபவர் அங்கு வலை கட்டும் மீனவரே. பறவைகளைக் காக்க அமைந்த சரணாலயத்துக்கு அந்த அறிவும் அவர்களின் உரிமையும் தேவை. ஏரி உயிரோடு இருக்கும்வரைதான் பங்குனியில் கிளம்பும் பறவைகள் மீண்டும் ஐப்பசியில் இங்கு வந்திறங்கும்.