தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

சென்னையின் கானாவை ராக், ராப் இசையோடு ஒரே மேடையில் ஏற்றிய இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 19 கலைஞர்களுடன் 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. குழுவின் பெயருக்கு மூலம், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்து.

கானா வடசென்னை உழைப்பாளிகளின் பாட்டு. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவது அதன் பழைய வழக்கம். இறந்தவரின் பெயரும் குணமும் அங்கேயே பாட்டில் ஏறும். மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது, சொற்கள் அன்றைக்குப் பிறந்தவை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸும் இப்படித்தான் வாய்வழியாக வளர்ந்தது. தாளத்திலும் உறவு உண்டு. கானாவில் தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை அதிகம். புளூஸின் ஷஃபிள் நடையும் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரிப்பதுதான். சட்டி, கட்ட மோளம் ஆகிய தாளக் கருவிகளோடு எலக்ட்ரிக் கிட்டார் சேரும்போது ஒட்டுப்போட்டதுபோல் ஒலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் புளூஸ் ராக்கிடம் போனபோது பாட்டு போய்ச் சேர்ந்தது, பாடியவர் போகவில்லை. புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவுசெய்த ‘கிராஸ் ரோட் புளூஸ்’ பாடலை எரிக் கிளாப்டனின் கிரீம் குழு 1968இல் உலகறியச் செய்தது. ஜான்சனோ 1938இலேயே, 27 வயதில் இறந்திருந்தார். அவருடைய ‘லவ் இன் வெய்ன்’ 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைத்தட்டில் வந்தபோது, ஆசிரியர் பெயராக உட்டி பெய்ன் என்ற புனைபெயரே அச்சாகியிருந்தது.

தமிழ்நாட்டில் 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையிசையில் பரப்பினார். ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012) பாடகர் கானா பாலாவைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. எனினும் சினிமா கானாவைக் கேலிக்கும் காதல் தோல்விக்குமே அதிகம் அழைத்தது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் அது இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சி அரசியலையும் பேசியது; கானா பாடகர்களே முன்வரிசையில் நின்றார்கள். அதுவே இக்குழுவின் பெரிய சாதனை. ஆண்களே நிறைந்திருந்த கானாவில் குரல் கொடுத்த, இக்குழுவின் பாடகி இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

குழுவின் ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயுடன் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அவ்விதழ் அறிவையும் அட்டையில் வெளியிட்டது.