கையுறையில் தொடங்கிய அரிச்சுவடி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தென்பகுதி, வரைபடத்தில் ‘மிட்டன்’ எனும் கம்பளிக் கையுறை மாதிரி இருக்கும். சொந்த ஊர் எது என்று கேட்டால் அங்குள்ளவர்கள் உள்ளங்கையை விரித்து ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அதனால்தான் ஸ்லீப்பிங் பேர் பிரஸ் என்ற அந்த மாநிலத்துப் பதிப்பகம் 1999இல் போட்ட எழுத்துப் புத்தகத்துக்கு ‘எம் இஸ் ஃபார் மிட்டன்’ என்று பெயர் வைத்தது. எழுத்துக்கு ஒரு பொருள். சின்னஞ்சிறுசுகளுக்கு எதுகையோடு ஒரு குட்டிப் பாட்டு. ஓரத்தில், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதே விஷயம் விரிவாக, உரைநடையில். பிற மாநிலங்களுக்கும் இதே பாணியில் புத்தகங்கள் வந்தன. ராணுவக் குடும்பத்துக்கான ‘எச் இஸ் ஃபார் ஹானர்’ என்ற அரிச்சுவடியும் இந்த வரிசையில் பிறந்ததுதான்.

எழுதியவர் டெவின் சிலியன். டெட்ராய்ட் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர், பாடகரும்கூட. அவரே ராணுவக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2001இல் இதே பதிப்பகத்துக்கு ‘ஏ இஸ் ஃபார் அமெரிக்கா’ எழுதினார். அந்த ஆண்டே ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்கப் படை போனது, 2003இல் ஈராக்குக்கு. 2006இல் விக்டர் யூஹாஸின் படங்களோடு ‘எச் இஸ் ஃபார் ஹானர்’ வெளிவந்தது.

பால்குடி மறவாத பிள்ளைக்கு எழுத்தோடு சேர்த்துப் போரையும் ஊட்டுவது பழைய பழக்கம். 1899இல் லண்டனில் வந்த ‘ஆன் ஏபிசி ஃபார் பேபி பேட்ரியட்ஸ்’ பிரிட்டிஷ் பேரரசின் பெருமையைத்தான் எழுத்துக்கு எழுத்து அடுக்கியது. ஆத்திசூடியில் அறம் படித்த நமக்கு, அகர வரிசைக்குள் எதையும் ஏற்றலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் லண்டன் புத்தகத்தைப் படித்த பிள்ளைக்குச் சிப்பாய் என்றால் எங்கோ இருக்கும் ஆள். சிலியனின் புத்தகத்துக்கு ‘ஒரு ராணுவக் குடும்பத்தின் அரிச்சுவடி’ என்றே துணைத்தலைப்பு. இதைப் படிக்கும் பிள்ளைக்குச் சிப்பாய் என்றால் அப்பா, அல்லது அம்மா.

அந்த வீடுகளின் வாழ்க்கை தனி ரகம். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்றல் உத்தரவு வரும். சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். புது வகுப்பு, புதுத் தோழர்கள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஆறு முதல் ஒன்பது முறை இடம் மாறுவார்கள் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வீட்டில் அல்பா, பிராவோ, சார்லி என்று இன்னோர் எழுத்து வரிசையும் புழங்கும். கம்பியில்லாத் தொடர்பில் எழுத்துகள் குழம்பாமலிருக்க 1956இல் நிலைபெற்ற வரிசை அது.

நாலு வயதுப் பிள்ளையிடம் ‘ஹானர்’, அதாவது ‘கௌரவம்’ என்று தொடங்குவது எனக்கு உவப்பில்லை. பெட்டி கட்டுவது புரிகிற வயதில் கௌரவம் எப்படிப் புரியும்? தலைப்பு பெரியவர்களைக் கடையில் நிறுத்துவதற்காக வைத்தது என்று நினைக்கிறேன். ஓரத்து உரைநடையைத்தான் நான் மெச்சுவேன். தனியாகக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் தாயோ தகப்பனோ பாட்டைப் படித்துக் காட்டும்போது, பக்கத்தில் நிற்கும் மூத்த பிள்ளைக்கும் அதே பக்கத்தில் விஷயம் இருக்கும்.

அதே 2006இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடரின் நிறுவனமும் ராணுவக் குடும்பத்து மழலைகளுக்கென ஒரு வீடியோ தயாரித்து இலவசமாகக் கொடுத்தது. அதில் எல்மோ பொம்மையின் அப்பா வேலையாக ரொம்ப நாள் வெளியூர் போகிறார். எங்கே, எதற்கு என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அப்பா இல்லாத நாட்களை எப்படிக் கழிப்பது என்பதை மட்டும் அது பேசியது.